ஆளுக்கு எத்தனை புள்ளி?

2025 ஆகஸ்டு 4, திங்கட்கிழமை. மாலை நாலேகால் மணி இருக்கும். மீஞ்சூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஏறக்குறைய இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கடைசி டெஸ்ட், அதன் கடைசி நாள். இங்கிலாந்து ஜெயிக்க இன்னும் 17 ஓட்டம் வேண்டும். ஒன்பது விக்கெட்டு போய்விட்டது. கடைசி ஆள் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் எண்ணினோம். காரணம், அந்தக் கடைசி ஆள் கிறிஸ் வோக்ஸ். முதல் நாள், எல்லைக்கோட்டை நோக்கி ஓடிய பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்து, இடது தோள் மூட்டு நழுவி, மைதானத்தை விட்டுப் போனவர்.

அவர் வந்தார். இடக்கையைத் தூளியில் கட்டி, அதன் மேல் ஸ்வெட்டரை மாட்டி மறைத்து, மற்றொரு கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். வந்தவர் எதிரணி ஆள்தான். அவர் நிலைத்துவிட்டால் நமக்குத் தோல்விதான். இருந்தாலும் எங்கள் கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர், "அடடா, இவனல்லவா ஆம்பிளை!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

அப்போது என் பக்கத்தில் நின்றிருந்த பையன், கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "நல்ல வேளை மாமா, இவரை நான் எடுக்கல. எடுத்தவன் எல்லாம் முதல் நாளே காலி" என்றான்.

"இப்போ வந்திருக்காரேடா, பாரு!"

"வந்து என்ன மாமா? பால் ஆடினாத்தானே பாயின்ட்?"

அவன் சொன்னது சரிதான். வோக்ஸ் ஒரு பந்தும் ஆடவில்லை. மறுமுனையில் நின்றார். அட்கின்சன் தட்டிவிட்டு ஓடியபோதெல்லாம், கட்டிய கையை மார்போடு அழுத்தியபடி, முகம் கோணப் பல்லைக் கடித்துக்கொண்டு இவரும் ஓடினார். கடைசியில் சிராஜ் அட்கின்சனின் ஸ்டம்பைப் பெயர்த்தார். ஆறு ஓட்டத்தில் நாம் ஜெயித்தோம். கடை இரண்டு பட்டது. ஆட்டக் கணக்கில் வோக்ஸ் பெயருக்கு நேரே இருப்பது இவ்வளவுதான்: ஆட்டமிழக்கவில்லை, ஓட்டம் 0, சந்தித்த பந்து 0.

எல்லோரும் கூத்தாடிக்கொண்டிருந்தபோது பையன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "சிராஜை விட்டுட்டேன் மாமா! அஞ்சு விக்கெட்டு!" என்றான். இந்தியா ஜெயித்த நாளில், அதுவும் அப்படி ஜெயித்த நாளில், அந்த வெற்றியைக் கொண்டுவந்தவர் நன்றாக ஆடிவிட்டாரே என்று வருந்திய ஓர் இந்தியனை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

பையன் கெட்டவனில்லை. இதை முன்பே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துத் தெரு. டிப்ளமா படித்தவன், வயது இருபத்து நாலு. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளி. தகப்பன் இல்லாத வீடு. எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவான். ஒருநாள் அவனுடைய தாயார் என் மனைவியிடம் வந்து அழுதபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு ஐ.பி.எல். பருவத்தில், நாற்பத்தொன்பதும் ஐம்பத்தொன்பதுமாக, அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஏதோ ஒரு செயலிக்குள் போட்டுத் தொலைத்திருக்கிறான். தங்கையின் தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது. இம்மாதிரிக் கதைகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. உயிரையே மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளும் உண்டு. பணத்தைத் தொலைத்தவர்களுக்காக எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்தத் தேநீர்க் கடையில் பையன் எதைத் தொலைத்திருந்தான் என்பதைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. இதற்கு 'ஃபேன்டஸி' என்று பெயர். நான் புள்ளியாட்டம் என்கிறேன். இரண்டு அணிகள் நிஜமாக ஆடப்போகின்றன. அந்த இருபத்திரண்டு பேரிலிருந்து பதினோரு பேரை நீங்கள் பொறுக்கி 'சொந்த அணி' ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு விலை. உங்கள் கையில் மொத்தம் நூறு. அதற்குள் பதினோரு பேரையும் வாங்கிவிட வேண்டும். அப்புறம் அவர்கள் அங்கே ஆட ஆட, இங்கே உங்கள் கணக்கில் புள்ளி ஏறும். ஓட்டத்துக்கு ஒன்று, இருபது ஓவர் ஆட்டத்தில் விக்கெட்டுக்கு நெடுநாள் வரை இருபத்தைந்து, மட்டையாளர் பூஜ்யத்தில் அவுட்டானால் இரண்டு கழிவு. நீங்கள் கேப்டன் என்று குறித்தவருக்கு எல்லாம் இரண்டு மடங்கு. ஓர் அணியிலிருந்து ஏழு பேருக்கு மேல் எடுக்கக்கூடாது என்று நீண்ட காலம் விதி இருந்தது. அதாவது, குறைந்தது நாலு பேரையாவது எதிரணியிலிருந்து எடுத்தே தீரவேண்டும்! உங்கள் ஊர் அணிக்குப் பந்து போடுகிறவன் உங்கள் 'சொந்த' ஆள். அவன் உங்கள் ஊர்க்காரனை வீழ்த்தினால் உங்களுக்கு இருபத்தைந்து. துக்கப்படுவதா, துள்ளிக் குதிப்பதா? இரண்டுமில்லாமல் மனசு அங்கே மரத்துப்போகிறது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

இந்த வித்தை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1962-ல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் என்னும் தொழில்முறைக் கால்பந்து அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், அணியோடு கிழக்குக் கரைக்குப் பயணம் போனபோது, நியூயார்க் ஹோட்டல் அறை ஒன்றில் அணியின் அலுவலர் ஒருவரோடும் பத்திரிகைக்காரர் ஒருவரோடும் உட்கார்ந்து இதன் விதிகளை எழுதினார். மறுவருஷம் ஓக்லாந்தில் அவர் வீட்டில் கூடி ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பொழுதுபோகாத சில நண்பர்கள், ஆளுக்கு ஓர் ஏடு, நடுவே பானம், சண்டை, சிரிப்பு. இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஆடுபுலி ஆடியவர்கள் வம்சத்தில் வந்தவன்தானே நானும்!

ஆனால் அந்த விளையாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கர்கள் கால்பந்து என்று எதைச் சொல்கிறார்களோ அதில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்து. கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், அல்லது எறிய வேண்டும். தலைக்கவசமும் தோள்கவசமும் பூண்ட பதினோரு பேர், அதே கோலத்தில் நிற்கும் இன்னொரு பதினோரு பேர் மேல் ஆட்டுக்கிடாய் மாதிரி மோதுவார்கள். பந்தை எறிகிற தளபதி ஒருவர் உண்டு. அவருக்குத்தான் பத்திரிகையில் படம், விளம்பரத்தில் இடம், கோடி கோடியாய்ச் சம்பளம். அவருக்கு முன்னால் ஐந்து பேர் மதில் மாதிரி நிற்பார்கள். மலை மலையான ஆட்கள். அவர்கள் வழக்கமாகப் பந்தைத் தொட்டு ஓட முடியாது. புள்ளி எடுக்க முடியாது. ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும், எதிரில் வருகிறவனைத் தலையாலும் தோளாலும் முட்டி நிறுத்தி, பின்னால் நிற்கும் தளபதி பந்தை எறிகிற வரைக்கும் அவரைக் காப்பதே அவர்கள் உத்தியோகம்.

புள்ளியாட்டத்தில் இந்த ஐந்து பேருக்கும் எத்தனை புள்ளி தெரியுமா? வழக்கத்திலுள்ள ஆட்டங்களில் இவர்களுக்குப் புள்ளியே கிடையாது. அவர்களை யாரும் 'எடுப்பது'கூட இல்லை. பட்டியலிலேயே அவர்கள் பெயர் இராது. எறிந்தவருக்குப் புள்ளி, பிடித்தவருக்குப் புள்ளி, ஓடியவருக்குப் புள்ளி. முட்டுக்கொடுத்தவன் மனிதக் கணக்கிலேயே சேர்த்தியில்லை.

அந்த ஐந்து பேரில் நடுவே நிற்கிறவராக 1974 முதல் 1988 வரை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு ஆடியவர் மைக் வெப்ஸ்டர். அந்தக் காலத்தில் அவருடைய அணி நாலு முறை மகுடம் சூடியது. ஓய்வுக்குப் பிறகு அவர் புத்தி தடுமாறியது. குடும்பம் பிரிந்தது. வண்டியிலும் ரயில் நிலையத்திலும் படுத்துறங்கினார். 2002-ல் ஐம்பதாவது வயதில் இறந்தார். நைஜீரியாவிலிருந்து வந்த பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அவருடைய மூளையைச் சோதித்துப் பார்த்து, ஆண்டுக்கணக்கில் வாங்கிய முட்டல்களால் அது சிதைந்திருந்ததை முதன்முதலாக உலகுக்குச் சொன்னார். 2017-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், அந்தத் தொழில்முறை லீகில் ஆடியவர்களின் தானம் பெற்ற 111 மூளைகளை ஆராய்ந்ததில் 110-ல் அதே சிதைவு இருந்தது. சந்தேகப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுத்தன, ஆகவே எல்லா ஆட்டக்காரருக்கும் இந்த விகிதத்தைப் பொருத்திவிடக்கூடாது என்று அவர்களே எச்சரித்தார்கள். ஆகட்டும். அந்த லீகில் அந்த வியாதியின் சரித்திரத்தில் முதல் பெயர், புள்ளிப் பட்டியலில் இடமே இல்லாத ஒருவனுடைய பெயர். இதை நான் தற்செயல் என்று விட்டுவிடத் தயாராக இல்லை.

அந்த நாட்டில் இப்போது இதற்கென்றே ஒரு செய்தித் தொழில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காகப் புதன்கிழமையிலிருந்தே சேதி கறக்கிறார்கள். என்ன சேதி? யாருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, யாருடைய தொடைச் சதை கிழிந்திருக்கிறது, யார் நேற்று நொண்டினார் என்ற சேதி. ஒவ்வொரு வாரமும் அணிகள் காயப் பட்டியல் வெளியிட்டாக வேண்டும். பெயருக்கு நேரே 'ஆடுவது உறுதியில்லை', 'ஆடுவது சந்தேகம்', 'ஆடமாட்டார்' என்று முத்திரை. முப்பத்திரண்டு அணிகளின் காயங்களையும் விரல் நுனியில் வைத்திருப்பவன் பண்டிதன். ஒரு மனிதனுக்கு வலிக்கிறது என்பது அங்கே துயரச் செய்தியாக வருவதில்லை. சந்தை நிலவரமாக வருகிறது. அந்த இடத்துக்கு உடனே வேறொருவனை வாங்கிப் போட வேண்டும், பின்னே?

2023 ஜனவரி 2-ந் தேதி டாமர் ஹாம்லின் என்ற இருபத்து நாலு வயது ஆட்டக்காரர், எதிராளியை மறித்து வீழ்த்திவிட்டு எழுந்து நின்றவர், அப்படியே மல்லாந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே மார்பை அழுத்தி உயிர் பிடித்தார்கள். கூட நின்ற ஆட்டக்காரர்கள் சுற்றி மண்டியிட்டு அழுதார்கள். ஆட்டத்தை நிறுத்தினார்கள், பிறகு ரத்தே செய்துவிட்டார்கள். அந்த வாரம் பார்த்துப் புள்ளியாட்டக்காரர்கள் பலருக்கு ஆண்டுச் சாம்பியன் பட்டத்துக்கான வாரம். ஆட்டம் பாதியில் நின்றால் புள்ளியை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி எழுந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் வெட்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் உண்டு, பந்தயப் பணத்தை அந்த இளைஞரின் தர்ம நிதிக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஹாம்லினும் பிழைத்து, அதே ஆண்டில் மீண்டும் ஆட வந்தார். மனிதன் அவ்வளவு சுலபத்தில் மிருகமாகிவிடுவதில்லை. ஆனால் வெட்கப்படுவதற்கு இதயம் நிற்க வேண்டியிருந்தது. வெறும் முழங்கால் உடைந்திருந்தால்?

சரி, நம் ஊருக்கு வருகிறேன். இங்கே 2008-ல் தொடங்கிய ட்ரீம் 11 என்ற கம்பெனி இந்த அமெரிக்க வித்தையைக் கிரிக்கெட்டுக்குப் பொருத்திப் பெரிய சாம்ராஜ்யம் கண்டது. 2018-ல் தோனி விளம்பரத்தில் வந்தார். 2020-ல் 222 கோடி ரூபாய்க்கு ஐ.பி.எல். போட்டியின் தலைப்பிலேயே கம்பெனிப் பெயர் ஏறியது. 2023-ல் இந்திய அணியின் மார்புக்கே வந்துவிட்டது. தேசத்துக்காக ஆடுகிறவனுடைய நெஞ்சின் மேலேயே, 'இவனை வாங்கி வைத்துக்கொள்' என்று சீட்டு ஒட்டினாற்போல!

இது சூதல்லவா என்று கேட்டவர்களுக்கு அவர்கள் வைத்திருந்த பதில் ஒற்றைச் சொல்: 'திறமை'. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2017-ல் அந்த வாதத்தை ஒப்புக்கொண்டது. அதற்கு ஆதாரமாய் எடுத்துக்கொண்ட பழைய தீர்ப்பு எது தெரியுமோ? நம்முடைய கிண்டி! தமிழக அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்ய, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், குதிரையின் வம்சம், பழக்கம், ஓட்டுபவனின் கெட்டிக்காரத்தனம் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பணம் கட்டுவது திறமையே என்று 1996-ல் தீர்ப்பாயிற்று. குதிரைக்காக எழுதிய நியாயம் இருபது வருஷம் கழித்து மனிதனுக்குப் பொருந்திவிட்டது. நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொன்னார்கள். நான் கேட்பது வேறு கேள்வி. குதிரையும் மனிதனும் ஒரே தராசில் நிற்க முடிகிற ஆட்டத்தை வீட்டுக்குள் விடலாமா?

திறமை இருக்கட்டும். சகுனியிடம் இல்லாத திறமையா? அஸ்தினாபுரத்துச் சபையில் சகுனிக்கு அது சுத்தமான திறமை ஆட்டம். தருமனுக்குத்தான் அதிர்ஷ்டம். லட்சக்கணக்கான பேர் நாற்பத்தொன்பது ரூபாய் கட்டுகிற மேசையிலும் சில சகுனிகள் இருப்பார்கள். கணிப்பொறியை வைத்துக்கொண்டு ஒரே ஆட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் அணிகள் கட்டுவார்கள். அவர்களுக்கு அது திறமை. இரவு ஷிப்டு முடித்துக் கண்ணெரிய வந்து உட்காரும் மீஞ்சூர்ப் பையனுக்கு? யார் ஜெயித்தாலும் மேசைக்குச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு நிச்சயம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே சூதை வைத்தார் என்றால், அந்த வரிசையில் ஓர் அனுபவம் தெரிகிறது.

இதையெல்லாம் பையனிடம் ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டான். அப்புறம் சொன்னான்: "நீங்க பேங்குல ஃபண்டு போடறீங்களே மாமா. உங்க மருமகன் ஷேர்ல ஏதோ ஆப்ஷன்னு விளையாடறாரே. அவரு போட்டா முதலீடு, நான் போட்டா சூதா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வந்திருந்தால் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024-ல் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது: அந்த முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் மூன்று ஆண்டுகளில் நஷ்டம் அடைந்தார்கள், போன பணம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கோடி. இந்தக் கட்டுரையைப் படிக்கிற நடுத்தரக் குடும்பத்துப் பெரியவர்களே, உங்கள் வீட்டு மாப்பிள்ளை சாய்வு நாற்காலியில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு செய்வதற்கும், அந்தப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து செய்வதற்கும் நடுவே நம் கௌரவத்தைத் தவிரப் பெரிய சுவர் எதுவுமில்லை. பையன் ஜெயித்துவிட்டான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். பங்குப் பத்திரத்துக்கு முழங்கால் கிடையாது. அது நொண்டிக்கொண்டு உங்கள் கண் எதிரே படியிறங்கி வராது.

கதை எழுதுகிறவனுக்கு இதைப் பேச என்ன யோக்கியதை என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் ஆள் பொறுக்குகிறவன்தான். ரயிலில் எதிரே உட்கார்ந்து அழுகிற கிழவியைப் பார்த்ததும், ஐயோ என்று மனசு இளகுவதற்கு முன்னால், 'இவள் ஒரு கதைக்கு ஆவாள்' என்று உள்ளே ஒரு குமாஸ்தா குறித்துக்கொள்கிறான். அந்தக் குமாஸ்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷமாய் அவனுக்குச் சோறு போடுகிறேன். கைபேசித் திரைக்குள் அவனையே இப்போது ஊருக்குப் பொதுவாய் உத்தியோகத்தில் வைத்துவிட்டார்கள் என்பதால்தான் பயப்படுகிறேன்.

"அதுதான் சட்டம் வந்து ஒழித்துவிட்டதே, செத்த பாம்பை ஏன் அடிக்கிறீர்?" என்பார்கள். சட்டம் வந்தது மெய்தான். தமிழ்நாடு 2022-ல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றி, ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெறுவதற்குள் படாத பாடு பட்டது. மத்திய அரசோ, அந்த ஓவல் ஆட்டம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகுமுன், 2025 ஆகஸ்டு 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் ஜனாதிபதி கையெழுத்து என்று மூன்றே நாளில் காரியத்தை முடித்துவிட்டது. திறமையோ, அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாது. நடத்துகிறவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இத்தனை வருஷம் காத்து நின்ற 'திறமை' என்ற சொல் செல்லாக் காசாயிற்று. செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்கு நம் அணி மார்பில் விளம்பரமே இல்லாமல் போய் ஆடிற்று. எனக்கென்னவோ அந்தச் சட்டைகள் அன்று அழகாயிருந்தன.

ஆனால் சட்டம் காசைத்தான் தடுக்கும். பழகிப்போன கண்ணை என்ன செய்யும்? காசில்லாத புள்ளியாட்டம் இன்றும் நடக்கலாம்; தடையில்லை. 'இன்றைக்கு யாரை எடுக்கலாம், யாரை விடலாம்' என்று எழுதிப் பழகிய பத்திரிகைகளுக்கு இனிமேல் ஆட்டத்தை ஆட்டமாக எழுத வருமா? 2023 அக்டோபரில் பம்பாயில் கூடிய ஒலிம்பிக் சபை, 2028 லாஸ் ஏஞ்சலீஸ் போட்டிக்குக் கிரிக்கெட்டையும், அந்த அமெரிக்கக் கால்பந்தின் முட்டல் மோதல் இல்லாத வடிவத்தையும் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. சம்பந்திகள் ஆகிவிட்டார்கள், சீர்வரிசையில் இன்னும் என்னென்ன வரும் என்று யார் கண்டது!

எங்கள் பக்கம் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை, வாசகர்களே. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தன. 2024-ல் அமெரிக்காவுக்கே போய்க் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா, வடசென்னையில் ஆட்டோ ஓட்டுகிறவருடைய மகள். வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து கால்பந்து. சென்னையின் அணி 2017-18 பருவத்தில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது நடுக்களத்தில் நின்று எதிரிகளை மறித்தவர்களில் ஒருவர் வியாசர்பாடி தன்பால் கணேஷ். கோல் போடுவது அவர் வேலையில்லை. கோல் விழாமல் முன்கூட்டியே பந்தைப் பறிப்பது அவர் வேலை. நேரில் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். பட்டியலில் தேடினால் அகப்படாது.

மீஞ்சூரிலிருந்து எண்ணூர் வரை ரயிலில் போனால் இதுதான் எனக்கு நினைவு வருகிறது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, நிலக்கரி வண்டி, துறைமுகத்துப் பாரந்தூக்கி. இவ்வளவும் யாருடைய தோளில் நிற்கின்றன? அத்திப்பட்டில் காலை வேளையில் இறங்குகிற ஒப்பந்தக் கூட்டத்தைப் பாருங்கள். வாயிலில் மேஸ்திரி ஒருவர் நிற்பார். ஆளை ஏற இறங்கப் பார்த்து, "நீ வா, நீ வா, நீ நாளைக்கு வா" என்பார். நொண்டுகிறவன் அன்றைக்கு நாளைக்கு வருகிறவன். அந்த மேஸ்திரியின் கண்ணுக்கு முன்னால் தினமும் நிற்கிற பையன், சாயங்காலம் கைபேசியைத் திறந்து அதே கண்ணைத் தானும் மாட்டிக்கொண்டு, "இவர் வேணாம், தோள் போச்சு" என்கிறான். கோபத்தில் நான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியது இந்த இடத்தில்தான். தன்னை எடை போடுகிறவனுடைய தராசையே அவன் கையில் கொடுத்து, அதற்கும் அவனிடமே காசு வாங்கிக்கொண்டார்கள்!

அவனும் ஒரு காலத்தில் ஆடினவன். எங்கள் ஊர்க் கால்பந்து அணியில் பேக். பத்தொன்பது வயதில், பொன்னேரி அணியோடு ஓர் ஆட்டம். நான் பள்ளிக்கூட மைதானத்துச் சுவர் மேல் உட்கார்ந்து பார்த்தேன். கோல்கீப்பர் வெளியே வந்து ஏமாந்துவிட்டான். காலிக் கோலுக்குள் பந்து போகிறது. எங்கிருந்தோ ஓடிவந்து கோட்டின் மேல் குப்புற விழுந்து முகத்தால் தடுத்தான் இவன். புருவம் கிழிந்து ரத்தம். தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

சட்டம் வந்த பிறகு ஒருநாள் மாலை நிலையத்தில் அவனைப் பார்த்தேன். செயலியில் மிச்சமிருந்த முந்நூற்றுச் சொச்ச ரூபாய் திரும்பி வந்துவிட்டதாம். தோடு இன்னும் திரும்பவில்லை, வட்டிதான் கட்டுகிறான். கையில் வழக்கம்போல் கைபேசி.

"இப்ப காசு இல்ல மாமா, சும்மாத்தான்" என்றான், நான் கேட்குமுன்.

"சரிடா. அந்தப் பொன்னேரி ஆட்டம் ஞாபகம் இருக்கா?"

கை தானாகப் புருவத்துக்குப் போயிற்று.

"அன்னிக்கு உன்னை ஒருத்தன் எடுத்திருந்தா, எத்தனை புள்ளி வந்திருக்கும் அவனுக்கு?"

விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உண்மையிலேயே கணக்குப் போட்டான். "கோல் இல்ல. கோலுக்குப் பாஸும் இல்ல. மஞ்சள் கார்டு வேற ஒண்ணு வாங்கினேன்... மைனஸ்ல போயிருப்பேன் மாமா" என்று சிரித்தான்.

"அன்னிக்கு யாருடா ஜெயிச்சது?"

"நாமதான்."

சென்னை போகும் வண்டி வந்துவிட்டது. அவனுக்கு இரவு ஷிப்டு. அத்திப்பட்டில் இறங்க வேண்டும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி ஏறினான்.